அப்பாவுக்கு இந்தப் போர் நாவலை முழுசாகப் படித்துக் காட்டலாமா?

ஆம்பூர் வாசகி:

வணக்கம். ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா மிலிட்டரியில் சமையல்காரராக இருந்தவர். 1982இல் சேர்ந்து 2003இல் வெளியே வந்தார். வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது பெரிய செய்தி இல்லை, எங்கள் தெருவிலேயே ஏழு பேர். மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்தால் எல்லைக் கதை பேசுவார்கள். அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். 1999 கார்கில் சண்டையில் அவருடைய யூனிட் திராஸ் பக்கம் இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அங்கிருந்து அவர் போட்ட இன்லேண்ட் லெட்டர்களை அம்மா இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். நலம், நலமறிய ஆவல். அதற்குக் கீழே ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தாயிற்றா, கிணற்று மோட்டாருக்கு ரிப்பேர் பார்த்தாயிற்றா என்பவைதான். போர் என்ற சொல்லே ஒரு கடிதத்திலும் இல்லை.

இப்போது சர்க்கரை நோயால் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆள் நிற்பது தெரியும், யாரென்று குரலை வைத்துத்தான் தெரியும். தினமும் காலையில் எழுத்து விடாமல் பேப்பர் படித்தவர். அது நின்றதும் ஒடுங்கிப்போனார். அதனால் நான் வேலைக்குக் கிளம்பும் முன் பேப்பரையும் சாயங்காலம் வந்ததும் வேறு ஏதாவதும் படித்துக் காட்டுகிறேன்.

அந்த 'வேறு ஏதாவது'தான் இங்கே பிரச்சினை. எனக்குச் சில வருஷமாகப் போர்க்கால சிப்பாய்களைப் பற்றிய நாவல்கள் மேல் ஒரு பிடிப்பு. சண்டைக் காட்சிகளுக்காக இல்லை. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எங்கே தூங்கினார்கள், காலில் என்ன போட்டிருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறேன். அப்பா சொல்லாமல் விட்டதெல்லாம் அவைதான் என்பதாலோ என்னவோ. அப்படித்தான் எரிக் மரியா ரெமார்க் எழுதிய 'ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' கைக்கு வந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் பக்கத்து டிரெஞ்சில், அதாவது பதுங்குகுழியில், கிடக்கும் பள்ளிக்கூடத்துப் பையன்களின் கதை. நான் ஷூ ஃபேக்டரியில் அப்பர் செக்கிங், அதாவது ஷூவின் மேல்தோலைச் சரிபார்க்கும் வேலை, பார்க்கிறவள். அதில் கெம்மரிச் என்ற பையனின் பூட்ஸைப் பற்றி வரும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். மென்மையான மஞ்சள் தோல், முழங்கால் உயரம், மேல்வரை லேஸ். கால் எடுக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறான் கெம்மரிச். பார்க்க வந்த சிநேகிதனின் கண் அந்த பூட்ஸ் மேல் போகிறது. அவன் கெட்டவன் இல்லை. செத்தவனுக்கு பூட்ஸ் வேண்டாம், நடக்கிறவனுக்கு வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் அதே ஜோடி ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. தோல் முதலில் போட்டவன் காலுக்குத்தான் படியும். பெருவிரல் முட்டும் இடத்தில் ஒரு மேடு விழும், கணுக்கால் மடிப்பில் கோடு விழும். அடுத்தவன் அந்த மேட்டையும் கோட்டையும் சேர்த்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இது புத்தகத்தில் இல்லை, நான் தினமும் கையில் பார்ப்பது.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் படிக்க வேறு எதுவும் இல்லாமல், இதன் முதல் அத்தியாயத்தை அப்பாவுக்கு வாய்க்கு வந்த தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 150 பேர் இருந்த கம்பெனியில் 80 பேர்தான் முன்வரிசையிலிருந்து திரும்புகிறார்கள். சமையல்காரர் 150 பேருக்கு இறைச்சியும் பீன்ஸும் வேகவைத்துக் காத்திருக்கிறார். ரொட்டி, புகையிலை எல்லாம் 150 பேருக்கு வந்திருக்கிறது. 'எல்லாவற்றையும் எங்களுக்கே போடு' என்று பையன்கள் கேட்க, 150 பேர் சாப்பாட்டை 80 பேருக்குப் போட முடியாது என்று அவர் மறுக்கிறார். கடைசியில் கம்பெனி கமாண்டர் வந்து, எல்லாவற்றையும் கொடு, எனக்கும் ஒரு தட்டு கொண்டுவா என்கிறார்.

நான் படித்தபோது அந்தச் சமையல்காரரைக் கல்நெஞ்சுக்காரர் என்றுதான் நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அப்பா கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"அவன் மேல தப்பில்லம்மா. வரலன்னு சொன்னா உடனே அவங்க பங்கை எடுத்து இன்னொருத்தன் தட்டுல போட்டுட முடியுமா? கை வராது."

இருபத்தோரு வருஷ சர்வீஸைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அது. அதற்கப்புறம் அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நான் வீட்டுக்குள் நுழைந்ததுமே, "அந்தச் சமையல்காரன் கதை எங்க விட்டோம்?" என்று கேட்டார்.

இப்போது ஐந்து அத்தியாயம் ஓடியிருக்கிறது. பேன் பிடிக்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பூட்பாலிஷ் டப்பா மூடியைக் கம்பியில் கட்டி, மெழுகுவத்தி மேல் பிடித்து, பேன்களை அதில் போட்டுப் பொரிக்கிறார்கள். எங்கிருந்தாவது சாப்பாடு தேடிக் கொண்டுவரும் காட் என்ற நாற்பது வயது செருப்புத் தொழிலாளியை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 'காட் இன்னிக்கு என்ன கொண்டாந்தான்?' என்றுதான் கேட்கவே ஆரம்பிக்கிறார்.

அந்த காட் கடைசியில் என்ன ஆகிறார் என்று எனக்குத் தெரியும். கதை சொல்லும் பையன் பால் என்ன ஆகிறான் என்றும் தெரியும். தொடர்ந்து படிப்பதா, ஏதாவது சொல்லி நடுவில் நிறுத்திவிடுவதா? பட்டாளத்தில் இருந்தவர்களோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோ இங்கே இருந்தால் சொல்லுங்கள். இதற்கு அடுத்து என்ன படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.


முன்னாள் நாயக், நாகர்கோவில்:

தங்கச்சி, முதலில் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். லங்கரில், அதாவது பட்டாளச் சமையற்கட்டில், நின்றவர்களை நாங்கள் எத்தனை திட்டியிருப்போம் என்று எங்களுக்குத்தான் தெரியும். பருப்பு வேகவில்லை, ரொட்டி தோல் மாதிரி இருக்கிறது என்று. பத்தாயிரம் அடிக்கு மேலே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அந்தச் சூட்டில் பருப்பு வேகாது, குக்கர் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பதெல்லாம் அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. ஸ்டவ்வில் காற்றடித்துக் காற்றடித்து அந்த ஆட்களின் மூக்குக்குள் கரி அப்பியிருக்கும்.

நீங்கள் சொன்ன நாவலை நான் ரிட்டயர்டு ஆன பிறகு படித்தேன். நான் இருந்தது காஷ்மீரில் குப்வாரா பக்கம் ஒரு உயரமான போஸ்ட்டில். பனி விழுந்தால் பாதை மூடிவிடும். அதற்கு முன்பே குளிர்காலம் முழுக்கத் தேவையானதை மேலே ஏற்றிவைத்துவிட வேண்டும். டப்பா பால், டப்பாக் காய்கறி, மண்ணெண்ணெய். முட்டை கல்லாகிவிடும். பங்கருக்குள் புகாரி அடுப்பு எரியும், அதன் புகையில் கம்பளியும் போர்வையும் நாறும், ஊருக்கு வந்து மூன்று முறை துவைத்தாலும் போகாது. என் மனைவி அந்த வாசனையை 'உங்க ஆபீஸ் வாசனை' என்பாள்.

சொல்ல வந்தது இதுதான். ஆறு மாதத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது சில நாட்கள். மீதி நாளெல்லாம் பனி வெட்டுவது, ஸ்டவ் துடைப்பது, சாக்ஸ் காய வைப்பது, கடிதத்துக்குக் காத்திருப்பது. ஹெலிகாப்டர் வந்தால் கடிதம் ஒரு கட்டாக வரும். நான் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, ஒரு நாளைக்கு ஒன்றுதான் பிரிப்பேன். கடைசிக் கடிதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டது என்று எழுதியிருப்பாள், நான் மூன்றாவது கடிதத்தில் காய்ச்சலோடு நிற்பேன். பக்கத்தில் இருந்தவன் 'கடைசியைப் பிரிச்சுப் பாரேண்டா' என்று கெஞ்சுவான். பிரிக்கமாட்டேன். பிரித்துவிட்டால் அடுத்த நாளைக்கு ஒன்றும் இருக்காது. சினிமாவில் இதைக் காட்டி நான் பார்த்ததில்லை. அந்த நாவலில் இந்தக் காத்திருப்பு இருக்கிறது. அதனால்தான் உங்கள் அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

நிறுத்தாதீர்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. நீங்கள் காட் சாகும் இடத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்குத் தாங்க முடியாமல் போனது அது இல்லை. பால் லீவில் வீட்டுக்குப் போகும் அத்தியாயம். பதினேழு நாள் லீவு, அதில் மூன்று நாள் பயணத்துக்கே சரி. அம்மா உடம்பு முடியாமல் கிடக்கிறாள். அவனுடைய அறையில் பழைய புத்தகங்கள் அப்படியே அடுக்கியிருக்கின்றன, ஒன்றை எடுத்துப் பிரித்தால் ஒரு வரி உள்ளே போகவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டு வைத்து, போரை எப்படி ஜெயிப்பது என்று அவனுக்கே பாடம் எடுக்கிறார்கள். என் முதல் லீவில் டீக்கடையில் ஒருவர் தோளில் கைபோட்டு 'எத்தனை பேரைப் போட்ட?' என்று கேட்டார். நல்ல மனுஷர்தான், அன்பாகத்தான் கேட்டார். டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் அந்தக் கடைக்கு நான் போகவே இல்லை.

கெம்மரிச்சின் அம்மாவைப் பார்க்கப் போகும் இடமும் அதே அத்தியாயத்தில்தான் வரும். மகன் வலியில்லாமல் உடனே செத்துப்போனான் என்று பால் பொய் சொல்வான், அவள் சத்தியம் கேட்பாள், அவன் சத்தியமும் பண்ணுவான். அந்த மாதிரி வீட்டுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அந்த அத்தியாயத்தை ராத்திரி படிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, வெளிச்சத்தில், வீட்டில் ஆட்கள் நடமாடும்போது படியுங்கள். அவர் எழுந்து மாட்டுப் பக்கம் போனால் பின்னாலேயே போகாதீர்கள்.


இரவு ஷிஃப்ட்:

நான் நர்ஸ். சுருக்கமாகச் சொல்கிறேன். படிக்க ஆரம்பித்த பிறகு அப்பாவின் தூக்கம் எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். ராத்திரி திடுக்கிட்டு எழுந்திருத்தல், சாப்பாட்டைத் தள்ளுதல், சின்னச் சத்தத்துக்கும் எரிந்துவிழுதல் இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். அதெல்லாம் இல்லையென்றால் 'இனிமே சோகமா வரும்பா, படிக்கட்டுமா?' என்று அவரையே கேட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு என்ன தாங்கும், என்ன தாங்காது என்று பிள்ளைகள் நாமே முடிவுபண்ணிவிடுகிறோம். வார்டில் தினமும் பார்க்கிறேன்.


பழைய புத்தகக்காரன்:

தோழி, உங்கள் அப்பா அந்தச் சமையல்காரரைப் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு நாவலை மறுபடி எடுத்தேன். மூன்று முறை படித்தவன் நான். மூன்று முறையும் அந்த ஆளை வெறும் கஞ்சனாகத்தான் கடந்து போயிருக்கிறேன். இனி அப்படிப் படிக்க முடியாது.

ரெமார்க்கைப் பற்றி ஒன்று சொன்னால் உங்களுக்கு உதவும். அவர் பல வருஷம் போர்முனையில் கிடந்தவர் இல்லை. 1916 கடைசியில், பதினெட்டு வயதில், படையில் சேர்க்கப்பட்டார். 1917 கோடையில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் முனைக்குப் போனார், ஜூலை 31ஆம் தேதி குண்டுச் சிதறல் பட்டுக் காயமடைந்தார். அதற்கப்புறம் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில்தான். ஆக, முனையில் சில வாரங்கள், காயம்பட்டுக் கிடந்தவர்களோடு பல மாதங்கள். அந்த நாவலில் தாக்குதலைவிட வலுவாகச் சாப்பாடும் கட்டிலும் காலணியும் நிற்பதற்கு இது ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் போர்த்தந்திரம் பேசுவானா? பசியைப் பற்றிப் பேசுவான், கூட இருந்தவனைப் பற்றிப் பேசுவான். பத்து வருஷம் கழித்து எழுதினார். 1928 கடைசியில் பெர்லின் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்து 1929 ஜனவரியில் நூலானது. 1933 மே மாதம் நாஜிகள் கொளுத்திய புத்தகங்களில் இதுவும் ஒன்று. சிப்பாய்க்குப் பசிக்கும், வயிறு கலங்கும், பயம் வரும் என்று எழுதியதை அவர்களால் பொறுக்க முடியவில்லை.

அடுத்து என்ன என்று கேட்டீர்கள். உங்கள் அப்பாவுக்கு இந்தி தெரியுமே, இருபத்தோரு வருஷம்! அப்படியானால் சந்திரதர் சர்மா குலேரி எழுதிய 'உஸ்னே கஹா தா' என்ற சிறுகதையை அவருக்கு இந்தியிலேயே கேட்க வையுங்கள். 1915இல் வந்தது, அதாவது அந்தப் போர் நடந்துகொண்டிருந்தபோதே. அமிர்தசரஸ் கடைத்தெருவில் ஒரு பையனும் பெண்ணும் சந்திப்பதில் தொடங்கும். இருபத்தைந்து வருஷம் கழித்து அந்தப் பையன் ஜமாதார் லஹ்னா சிங்காக ஐரோப்பாவில் ஒரு டிரெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். லூதியானாவைவிடப் பத்து மடங்கு குளிர் என்று புலம்பல், கெண்டைக்கால் வரை சேறு. சுபேதாரின் மகன் போதா சிங் காய்ச்சலில் நடுங்குகிறான். லஹ்னா தன் கம்பளியையும் ஜெர்சியையும் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டு, தனக்குக் குளிரவே இல்லை என்று சாதிக்கிறான். அவன் முறை வரும்போது காவலுக்கும் இவனே நிற்கிறான். ஆங்கிலேய அதிகாரி உடையில் ஒரு ஜெர்மன்காரன் டிரெஞ்சுக்குள் வருகிறான். புகையிலையைத் தொடாத சீக்கியனுக்கு சிகரெட்டை நீட்டியதில் மாட்டிக்கொள்கிறான். கூட வாழ்ந்தவனுக்குத்தான் தெரியும், எவனுக்கு எதை நீட்டக்கூடாது என்று. ஒரே உட்காரலில் முடிந்துவிடும். முடிவு மட்டும் கனமானது, முன்கூட்டியே நீங்கள் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கென்று தனியாக ஒன்று, டிம் ஓ'பிரையன் எழுதிய 'தி திங்ஸ் தே கேரீட்', 1990. அவரே வியட்நாமில் சிப்பாயாக இருந்தவர். முதல் கதை முழுக்க யார் எதைச் சுமந்தான், அது எவ்வளவு எடை என்பதுதான். இரும்புத் தொப்பி இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே, ரேடியோ கிட்டத்தட்ட பன்னிரண்டு கிலோ. பருமனான ஒருவன் டப்பா பீச் பழத்தைச் சுமக்கிறான், கேக் மேல் அந்தச் சர்க்கரைப் பாகோடு ஊற்றித் தின்பதற்கு. லெப்டினன்ட் ஒரு கூழாங்கல் வைத்திருக்கிறான், அவன் விரும்பும் பெண் கடற்கரையில் பொறுக்கி அனுப்பியது. தோலையும் தையலையும் விரலால் தடவிப் பார்க்கிற வேலை செய்பவர் நீங்கள், உங்களுக்குப் பிடிக்கும்.

தமிழில் கேட்டால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போரில் மெடானும் பினாங்கும், பாண்டியன் நேதாஜியின் ஐஎன்ஏ படையில் சேருவது, அந்தத் தூரத்திலிருந்து மதுரைத் தெருக்களை நினைப்பது. ஆனால் வாசித்துக் காட்டுவதற்குச் சிரமமான நடை. அதைக் கொஞ்சம் பொறுத்து எடுங்கள்.


பனங்கூடல்:

அக்கா, நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவள். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நாங்கள் ஆமிக்காரரை சென்ரிப் பொயின்றில் (காவல் சாவடியில்) பார்த்து வளர்ந்த பிள்ளைகள். ஆமிக்காரனுக்குப் பசிக்கும் என்று நினைக்க எங்களுக்கு இடமே இருக்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் பை திறந்து காட்ட வேணும். ஒருநாள் ஒரு பெடியன், பதினெட்டுப் பத்தொன்பது வயதுதான் இருக்கும், என்ர சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னான். புட்டும் சம்பலும். குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு பெட்டியைக் காட்டி "அம்மா?" என்று கேட்டான். அந்தச் சொல் எங்கட மொழியிலும் அவன்ர மொழியிலும் ஒன்றுதான். அம்மா செய்ததா என்று கேட்கிறான் என்று விளங்கியது. நான் பதில் சொல்லவில்லை. மூடியை அழுத்தி மூடிக்கொண்டு நடந்தேன். அன்றைக்கு அந்தப் புட்டை நான் சாப்பிடவும் இல்லை, அவன் பார்த்துவிட்டான் என்பதால்.

நீங்கள் படிக்கும் அந்த நாவலை நான் வெளிநாட்டுக்கு வந்த பிறகு படித்தேன். குண்டு விழுந்த பள்ளத்துக்குள் பால் ஒரு பிரெஞ்சுச் சிப்பாயைக் குத்திவிட்டு, அவன் சாகும்வரை பகல் முழுக்கப் பக்கத்திலேயே கிடக்க நேர்கிறது. தண்ணி கொடுக்கிறான், கட்டுப்போடுகிறான். செத்த பிறகு அவன்ர பையைப் பார்த்தால் பெயர் ஜெரார் டுவால், அச்சகத் தொழிலாளி, மனைவியும் சின்ன மகளும் இருக்கும் படம். அதைப் படித்த இரவு எனக்கு அந்தப் பெடியன்ர முகம் வந்தது. மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை, அது வேறு விஷயம், எங்கட வீட்டில் நடந்தவை எனக்கு மறக்காது. முகம் வந்தது, அவ்வளவுதான். முன்பு வராது.

உங்கட அப்பா சமைத்தவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். பாலின் லீவு முடிந்த பிறகு, பயிற்சி முகாமுக்குப் பக்கத்தில் ரஷ்யக் கைதிகள் வருவார்கள். குப்பைத் தொட்டியில் மிச்சம் தேடுகிறார்கள். பாலிடம் அம்மா சுட்டுக்கொடுத்த உருளைக்கிழங்குப் பலகாரம் இருக்கும். எல்லாவற்றையும் கொடுத்துவிட நினைப்பான். நோயோடு அடுப்பில் நின்று அம்மா சுட்டது நினைவு வரும், இரண்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பான். அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். ஏன் எல்லாவற்றையும் கொடுக்கவில்லை என்று உங்கட அப்பாவுக்கு விளங்கும்.


ஆம்பூர் வாசகி:

எல்லாருக்கும் நன்றி. பனங்கூடல், நீங்கள் எழுதியதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பலமுறை படித்தேன். அந்தப் பெட்டி கண்ணிலேயே நிற்கிறது.

நர்ஸ் அக்கா சொன்னபடி அம்மாவிடம் கேட்டேன். அப்பா நன்றாகத்தான் தூங்குகிறாராம், முன்பைவிட. அப்பாவிடமும் நேராகவே கேட்டேன், இனிமேல் நிறையப் பேர் சாவார்கள், படிக்கட்டுமா என்று. "சண்டைக்கதைல சாவாம பின்ன? படி" என்றார்.

நாயக் அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே லீவு அத்தியாயத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் படித்தேன். எழுந்து போகவில்லை. பால் தன் அறையில் புத்தகத்தைப் பிரித்து மூடும் இடத்தில் மட்டும் கட்டிலின் சட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்த வருஷம் சண்டை முடிந்து லீவில் வந்தபோது, அம்மா ஆசையாகக் கறிக்குழம்பு வைத்து முதலில் அவருக்குத் தட்டு போட்டாள். அவர் சாப்பிடாமல் எல்லாரும் உட்காரும்வரை நின்றுகொண்டே இருந்தார். பாட்டி, சித்தப்பா, நான், தம்பி என்று விரலை மடக்கி எண்ணினார். பட்டாளத்துப் பழக்கம் என்று பாட்டி சிரித்தாள். இப்போது அதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன், அவர் அனுமதியோடுதான்.

பகலில் அடுப்பு மூட்டவே பயமாம். மேலே இருந்து ரோடு தெரியும், புகை தெரிந்தால் குண்டு விழும். இருட்டிய பிறகுதான் வண்டி ஓடும், அதுவும் லைட் போடாமல். அதனால் மேலே போவது எல்லாம் ஆறிப்போனாலும் கெடாத சாப்பாடு. பூரி, தண்ணீர் இல்லாத உருளைக்கிழங்கு, சக்கர்பாரா என்ற மைதா இனிப்பு. சாயங்காலம் ஃபோனில் ஸ்ட்ரெங்த் சொல்வார்கள், இன்றைக்கு மேலே எத்தனை பேர் என்று. அந்த எண்ணுக்குப் பொட்டலம் கட்டி ராத்திரி ஆட்களோடு அனுப்புவார்கள். எண் சொல்லி, பொட்டலம் கட்டி, அது மேலே போய்ச் சேர ஏழெட்டு மணி நேரம் ஆகும்.

"ஒரு நாள் காலைல பதினோரு பொட்டலம் திரும்பி வந்திச்சி. எடுத்துனு போன பையன் ஒண்ணும் சொல்லல, கீழ வெச்சிட்டுப் போயி படுத்துட்டான். பசியோட இருந்தவங்க கீழயும் இருந்தாங்க. நான்தான் கொடுக்கல. தனியா ஒரு தேக்சால வெச்சி மூடி வெச்சேன். மறுநாள் வரைக்கும் வெச்சிருந்தேன். ஆபீசர் வந்து மூடியத் தெறந்து பாத்தாரு. கேக்கவே இல்ல. மூடிட்டுப் போயிட்டாரு."

அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "கோவேறு கழுதைக்குப் போட்டோம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தக் கதைல வர ஆபீசர் நல்லவன். எனக்கும் ஒரு தட்டு கொண்டான்னான் பாரு. அப்படி யாராவது சொன்னாதான் எடுத்துப் போட கை வரும்" என்றார்.

நேற்று ரஷ்யக் கைதிகள் பகுதி முடிந்தது. ஏன் இரண்டு மட்டும் கொடுத்தான் என்று கேட்டேன். "ரெண்டு கொடுத்தானேம்மா" என்றார். 'உஸ்னே கஹா தா'வை இன்டர்நெட்டில் யாரோ படித்துப் பதிவு செய்திருக்கிறார்கள், போனில் இறக்கி வைத்திருக்கிறேன். காட் சாக இன்னும் மூன்று அத்தியாயம் இருக்கிறது.

நேற்று ராத்திரி சக்கர்பாரா எப்படிச் செய்வது என்று கேட்டேன். அளவை ஐம்பது கிலோ மைதாவுக்குத்தான் சொன்னார், அதற்குக் குறைவாக அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கால்குலேட்டரில் வகுத்து அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சர்க்கரை அவருக்கு ஆகாது, ஒன்றுகூடச் சாப்பிட முடியாது. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார். எண்ணெயில் விழும் சத்தத்தை வைத்தே சூடு சரியா என்று சொல்லிவிடுவாராம்.